போக பஸ் இருக்கிறது, திரும்பி வரத்தான் இல்லை

வட இலங்கையின் வன்னியில் பஸ் நேர அட்டவணை போடுகிறவர்களுக்கும், அரச அலுவலகங்களுக்குத் தலைமை தாங்குகிறவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களே,

பெற்றோல் விலை ஏறும்போதெல்லாம் எங்களுக்கு ஒரு புத்திமதி வந்து சேரும். சொந்த வாகனத்தைக் குறையுங்கள், பஸ்ஸில் போங்கள், ஒரு காரில் நாலு பேராகப் போங்கள். சுற்றாடல் தினத்தன்று அதே புத்திமதி இன்னொரு முறை வரும். சொல்கிறவர்கள் ஏசி வாகனத்தில் வந்திறங்கி, சொல்லி முடித்து, ஒரு மரக்கன்றும் நட்டுவிட்டு அதே வாகனத்தில் ஏறிப் போவார்கள். அதை நான் குற்றமாகச் சொல்ல வரவில்லை. பின்னேரம் வீடு திரும்ப அவர்களுக்கும் வேறு வழி இருந்திருக்காது. நான் இங்கே சொல்லப்போவது முழுக்க அந்தப் பின்னேரத்தைப் பற்றித்தான்.

நான் தருமபுரத்துக்கு உள்ளே குடியிருந்துகொண்டு கிளிநொச்சி நகரில் எழுதுவினைஞராக வேலை பார்க்கிறவன். காலையில் எங்கள் அலுவலக வளவுக்குள் வந்து பார்த்தால், மரநிழல் முழுக்க மோட்டார் சைக்கிளும் ஸ்கூட்டியும்தான். யாழ்ப்பாணத்திலிருந்தும் வவுனியாவிலிருந்தும் வருகிறவர்களின் கார்கள் பிந்தி வந்த குற்றத்துக்கு வெயிலில் நிற்கும். மற்ற ஊர்களில் கார்ப் பிரச்சினை என்று பேசுவது எங்கள் ஊரில் பெரும்பாலும் இரண்டு சில்லில் ஓடுகிறது. சில்லு இரண்டோ நாலோ, காரணம் ஒன்றுதான்.

காலையில் வேலைக்குப் போக பஸ் இருக்கிறது. ஆறரைக்குப் பிறகு பரந்தன் - முல்லைத்தீவு வீதியில் போய் நின்றால் ஏதோ ஒன்று வரும். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் புத்தகப் பைகளுக்கு நடுவில் ஒற்றைக் காலில் நின்றாலும் எட்டரைக்குள் விரலடையாளம் வைத்துவிடலாம். பிரச்சினை பின்னேரம்தான். வன்னியில் ஆட்கள் வாகனம் வாங்குவது போவதற்காக இல்லை, வருவதற்காக. பத்து நாளில் ஒரு நாள் கடைசி பஸ் வராவிட்டால் போதும், மற்ற ஒன்பது நாளுக்கும் சேர்த்து மோட்டார் சைக்கிள் வாங்கத்தான் வேண்டும். வாங்கினால் அது காலையிலும் ஓடும். உங்கள் கணக்கில் அது பஸ்ஸை விரும்பாத ஓர் ஆள். என் கணக்கில் அது ஓடாமல் போன ஒரு பஸ்.

பின்னேரத்துப் பஸ் நிலையத்துக்கு ஒருநாள் வந்து பாருங்கள். நாலே காலுக்கு அலுவலகம் விட்டு, நடந்து வந்து சேர நாலரை. பஸ் நிற்கும். என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும். கொண்டக்டர் “பரந்தன், தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு” என்று ஒரே மூச்சில் கூப்பிட்டுக்கொண்டிருப்பார். சீட்டெல்லாம் நிரம்பியிருக்கும். சாரதி எதிரில் உள்ள கடையில் பிளேன் ரீ குடிப்பார். கிளம்புகிறது என்று நம்பி ஏறினால், பின்னால் எடுத்து, முன்னால் எடுத்து, திரும்ப அதே இடத்தில் நிற்கும். ஒருவழியாக வெளிக்கிட்டால், பின்னால் வரும் இலங்கைப் போக்குவரத்துச் சபை (இ.போ.ச.) பஸ் முந்திவிடும் என்று பரந்தன் வரைக்கும் பறப்பு. பரந்தன் சந்தியில் யாழ்ப்பாணத்துப் பஸ்ஸால் இறங்கும் ஆட்களுக்காக இன்னொரு தவம். உள்ளே ஒரு கிழவி, “தம்பி, எடுக்கிறியளோ இல்லையோ, மாடு கட்ட வேணும்” என்பார். கொண்டக்டர் “இந்தா வெளிக்கிட்டாச்சு அம்மா” என்பார். வெளிக்கிடாது.

இதெல்லாம் பொறுக்கலாம். பொறுக்க முடியாதது ஆறு மணிக்குப் பிறகு வரவேண்டிய பஸ். கூட்டம் முடிந்து, கோப்பு முடித்து, ஓடி வந்து நேரக்கணிப்பாளரின் கூட்டுக்குள் எட்டிப் பார்த்துக் கேட்டால், “அது இண்டைக்கு ஹயருக்குப் போட்டுது” என்பார். கல்யாண வீடு, கோயில் திருவிழா, கதிர்காமம் போகும் கூட்டம், ஏதோ ஒன்று. ஹயரில் ஒரே நாளில் கிடைக்கும் காசு, இருபது பேரை ஏற்றிக்கொண்டு இருட்டுக்குள் புதுக்குடியிருப்புக்குப் போய் வெறும் பஸ்ஸோடு திரும்புவதில் கிடைக்காது. இ.போ.ச. பஸ்ஸுக்கு வேறு காரணம்: பழுது, ஆள் இல்லை, வேறு தடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அன்றைக்கு ஓட்டோ பிடித்தால் ஒரு கிழமை பஸ் காசு போச்சு. அந்த இரவில்தான் வீட்டில் மாதக் கட்டுக்கு மோட்டார் சைக்கிள் எடுக்கும் லீசிங் பற்றிய பேச்சு தொடங்கும்.

பஸ் முதலாளிமாரைத் திட்டி முடிக்கிற விஷயம் இல்லை இது. சாரதிக்கும் கொண்டக்டருக்கும் அன்றைய கலெக்சனைப் பார்த்துத்தான் சம்பளம். அரை பஸ் ஆளோடு ஓடச் சொல்லிவிட்டு டீசலுக்கு ஒருவரும் காசு தராவிட்டால் அவர்கள் என்ன செய்வார்கள்? அதோடு வன்னியின் தரை அப்படி. முல்லைத்தீவு மாவட்டம் 2,617 சதுர கிலோமீற்றர். 2012 குடிசன மதிப்பீட்டில் அங்கே இருந்தவர்கள் 92 ஆயிரம் பேர் அளவில். யாழ்ப்பாண மாவட்டம் 1,025 சதுர கிலோமீற்றர், ஆட்கள் 5 இலட்சத்து 83 ஆயிரம். யாழ்ப்பாணத்தில் ஒரு மினிபஸ் நாலு சந்தி தாண்டுவதற்குள் நிரம்பிவிடும். இங்கே நாலு சந்திக்கு நடுவில் காடும் வயலும் குளமும்தான். கிளிநொச்சியைச் சுற்றியுள்ள ஊர்கள் பல குடியேற்றத் திட்டங்களாக வந்தவை. ஆளுக்கு இத்தனை ஏக்கர் என்று அளந்து, வாய்க்கால் ஓரமாக நீட்டுக்கு வீடு வைத்தார்கள். ‘எத்தினையாம் வாய்க்கால்?’ என்று கேட்டால்தான் வீட்டைக் கண்டுபிடிக்கலாம். நெல்லுக்கு அது நல்ல ஏற்பாடு. பஸ்ஸுக்கு ஒரு தரிப்பிடத்தில் பத்துப் பேர் சேரமாட்டார்கள்.

மல்லாவிப் பக்கத்து ஆட்களின் பாட்டை நினைத்துப் பாருங்கள். அந்தப் பக்கத்துத் துணுக்காய், மாந்தை கிழக்குப் பிரதேசங்கள் முல்லைத்தீவு மாவட்டத்துக்குள் வருகின்றன. அதனால் கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம், முல்லைத்தீவில். மல்லாவியில் இருந்து மாங்குளம் வரைக்கும் ஒரு பஸ், கண்டி - யாழ்ப்பாணம் ஏ9 வீதியைக் கடந்து மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான், முள்ளியவளை வழியாக இன்னொரு பஸ், அது மட்டும் ஐம்பது கிலோமீற்றருக்குக் கிட்ட. காலையில் இந்த இரண்டும் ஒன்றையொன்று பிடித்தாலும், பின்னேரம் முல்லைத்தீவுப் பஸ் மாங்குளத்துக்கு வரும்போது மல்லாவிப் பஸ் போய் எத்தனை நேரமோ. இரண்டு பஸ்ஸையும் ஒரு கதிரையில் இருந்து யாராவது பார்த்து நேரம் போட்டால்தானே சந்திக்கும்? மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்ஸுக்கு அனுமதி கொடுப்பது மாகாணம். இ.போ.ச. மத்திய அரசின் கையில். ரயில் இன்னொரு திணைக்களம். மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்து, தேர்தல் வருடக்கணக்காக இழுபட்டதில், ஆளைப் பிடித்துக் கேட்க ஓர் உறுப்பினரும் இல்லாமல் போனார். இணைந்த நேர அட்டவணை என்ற பேச்சு எடுத்தாலே, ஒரு நாள் இ.போ.ச.காரர் பணிப்புறக்கணிப்பு, மறுநாள் தனியார் பணிப்புறக்கணிப்பு. நடுவில் நாங்கள் சந்தியில்.

சீசன் டிக்கெட் கதையையும் சொல்லிவிட வேண்டும். இ.போ.ச.வில் சீசன் எடுத்தவர் அந்த பஸ்ஸில்தான் போகலாம். தனியார் பஸ்ஸில் அது செல்லாது. எது வருகிறதோ அதில் தொங்கிக்கொண்டு வீடு போகிறவனுக்குச் சீசன் எதற்கு? சீசன் இருந்தால் பஸ் காசு முன்கூட்டியே கட்டினதாகிவிடும், மோட்டார் சைக்கிளை எடுக்கக் கை தயங்கும். இப்போது நடப்பது தலைகீழ். லீசிங் கட்டு மாதா மாதம் எப்படியும் போகிறது, வாகனம் வாசலில் நிற்கிறது, பிறகு பஸ்ஸுக்கும் ஏன் காசு என்றுதான் மனது சொல்லும். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் திறந்தும் விட்டார்கள். லீசிங்காரர் ஒழுங்கைக்குள்ளும் வருவார், பஸ் வீதியோடு நின்றுவிடும்.

எரிபொருளை இறுக்கினால் சனம் தானாக மாறும் என்று நினைக்கிறவர்கள் 2022ஐ மறந்திருக்கமாட்டார்கள். அந்த ஜூனில் பெற்றோல் லீற்றர் 470 ரூபா. எரிபொருளைப் பங்கிட கியூ.ஆர். அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20. அரச அலுவலகங்களுக்கு வெள்ளிக்கிழமை லீவும் விட்டுப் பார்த்தார்கள். எங்கள் ஊரில் என்ன நடந்தது? பரணில் கிடந்த சைக்கிள்கள் இறங்கின. ஒரு மோட்டார் சைக்கிளில் இரண்டு வீட்டு உத்தியோகத்தர்கள் வந்தார்கள். யாழ்ப்பாணத்துக் கார்கள் நாலு பேரோடு வந்தன, பெற்றோலுக்குக் காசு பிரித்துப் போட்டார்கள். பஸ்ஸில் ஏறியவர்கள் மட்டும் கூடவில்லை, ஏனென்றால் பஸ்ஸுக்கும் டீசல் இல்லை. 2023 செப்டெம்பரில் கியூ.ஆர். எடுபட்டதும் எல்லோரும் பழையபடி. சைக்கிள் திரும்பப் பரணுக்குப் போனது.

இதைவிட இறுக்கமான காலத்தையும் பார்த்த சனம் நாங்கள். போர் நாட்களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஊர் இது. புகையும் நாற்றமுமாக, அதுவும் ஓடியது. தட்டுப்பாட்டைக் காட்டி வன்னிக்காரனை வாகனத்திலிருந்து இறக்கலாம் என்று யாரும் கணக்குப் போடவேண்டாம். அவன் வேறு எதையாவது ஊற்றி ஓட்டுவான்.

சரி, அலுவலகத் தலைவர்களே, இனி உங்களிடம். மூன்றரை மணிக்குக் கூட்டம் வைக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது? எட்டரைக்கு எல்லோரும் இருக்கிறார்கள், பத்து மணிக்கும் இருக்கிறார்கள். ஆனால் கூட்டம் மூன்றரைக்கு. தலைவர் நாலு மணிக்கு வருவார், நிகழ்ச்சி நிரலில் ஏழு விடயம், ஐந்தரைக்கு “இன்னும் ஒரு சின்ன விசயம்” என்பார். அதைச் சொல்லும்போது வெளியே அவருடைய வாகனத்தில் சாரதி காத்திருப்பார். அந்த மண்டபத்தில் பின்வரிசையில் இருக்கும் பெண் உத்தியோகத்தர்கள் கைபேசியில் நேரம் பார்ப்பதை நீங்கள் கவனித்ததுண்டா? கடைசி பஸ்ஸை அவர்கள் மனதால் துரத்திக்கொண்டிருப்பார்கள். அடுத்த மாதம் அவர்களில் ஒருவர் ஸ்கூட்டி வாங்குவார். வாகனம் சேர்த்தது அந்தச் சின்ன விசயம்தான்.

மூன்று மணிக்குப் பிறகு கூட்டம் தொடங்கக்கூடாது என்று ஒரு சுற்றுநிருபம் போட ஒரு சதமும் செலவில்லை. பஸ்ஸில் வருகிறவருக்குக் காலையில் பதினைந்து நிமிடம் முன்பின்னாக வரவும், அந்த நேரத்தைப் பின்னேரம் ஈடுசெய்யவும் இடம் கொடுப்பதற்கும் செலவில்லை. இப்போது பத்து நிமிடம் பிந்தினால் விரலடையாள மெசின் சிவப்புக் காட்டும். பஸ் பிந்திய கதையை மெசினிடம் சொல்ல முடியாது.

ஸ்கூட்டி என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். வன்னியில் பெண்களுக்கு அது வெறும் வாகனம் இல்லை. போருக்குப் பிறகு குடும்பத்தைத் தனியாகத் தாங்கும் பெண்கள் எத்தனையோ பேர் இங்கே. பஸ்ஸில் நெரிசலைச் சாட்டி உரசுகிறவனிடமிருந்தும், சந்தியிலிருந்து வீடு வரைக்கும் வெளிச்சமில்லாத பாதையிலிருந்தும் அவர்களுக்குக் கிடைத்த விடுதலை அது. நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கம் பொழுதுபட்டால் யானையும் றோட்டுக்கு வரும். ஏ9இல் கட்டாக்காலி மாடு படுத்திருக்கும். இந்த நிலையில் ஒரு பெண்ணைப் பார்த்து ஸ்கூட்டியை விட்டுவிட்டு பஸ்ஸில் வா என்று சொல்ல எனக்கு வாய் வராது. தரிப்பிடத்துக்கு ஒரு சோலர் விளக்கு, சந்தியில் சைக்கிளையோ ஸ்கூட்டியையோ நம்பி விட்டுப் போக ஒரு கூரையும் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் வந்த பிறகு கேட்கலாம். இப்போது எங்கள் சந்தியில் சைக்கிள் விடும் இடம் ஒரு பலசரக்குக் கடையின் பக்கச் சுவர். கடைக்கார அண்ணன் முகம் சுளிக்காமல் வைத்திருக்கிறார். அவர் எட்டு மணிக்குக் கடை பூட்டிவிட்டால், பிந்தி வந்தவர் சைக்கிளை மறுநாள்தான் எடுக்கலாம். பிரதேச சபை ஒரு தகரக் கொட்டில் போட்டால் போதும்.

வெளிக்களத்தில் வேலை செய்கிறவர்களை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். குடும்பநல உத்தியோகத்தர், கிராம சேவகர், கால்நடை வைத்தியர் எல்லாம் பஸ்ஸுக்குக் காத்திருந்தால் பிள்ளையும் பிறந்துவிடும், மாடும் செத்துவிடும். 2014 வாக்கில் அரசாங்கம் வெளிக்கள உத்தியோகத்தர்களுக்குச் சலுகை விலையில் மோட்டார் சைக்கிள் கொடுத்தது நியாயமானது. நான் பேசுவது காலையில் ஒரு கதிரையில் போய் இருந்து பின்னேரம் எழும்பி வருகிற என்னைப் போன்றவர்களைப் பற்றி.

ரயிலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1990இல் நின்ற யாழ்தேவி 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கும், 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் திரும்பி வந்தது. புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி, பரந்தன் என்று நிலையங்கள் வரிசையாக இருக்கின்றன. ஆனால் வண்டிகள் கொழும்புக்குப் போகிறவரின் நேரத்துக்கு ஓடுகின்றன, மாங்குளத்தில் எட்டரைக்குக் கையெழுத்து வைக்கிறவரின் நேரத்துக்கு இல்லை. ஓரிரு பெட்டியோடு வவுனியாவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவில் காலை மாலை ஒரு வண்டி விட்டால் ஏ9இல் வரும் கார்கள் குறையும். முல்லைத்தீவுக்குத் தண்டவாளமே இல்லை, அதனால் அங்கே பஸ்தான் கதி.

முடியாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். விடியற்காலை ஐந்தரைக்கு உடையார்கட்டுப் பக்கம் ஒழுங்கை வாசலில் நின்று பாருங்கள், ஆடைத் தொழிற்சாலை பஸ் உள்ளுக்கு வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். ஓவர்டைம் என்றால் பஸ்ஸும் காத்திருந்து, இருட்டிய பிறகு அதே ஒழுங்கையில் இறக்கிவிடும். அங்கே வேலை செய்யும் பிள்ளைகள் வேலைக்குப் போய்வர மோட்டார் சைக்கிள் வாங்க ஓடுவதில்லை. அதே வன்னி, அதே காடு, அதே கிடங்கு விழுந்த உள்வீதி. திரும்பி வரும் பஸ் நிச்சயம் என்பது மட்டும்தான் வித்தியாசம். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு விடிய விடிய பஸ் விடுகிறோம். ஆவணித் திருவிழாவுக்கு மடு மாதா கோயிலுக்கு எங்கெங்கிருந்தோ விசேட பஸ் வருகிறது. அம்மாளுக்கும் மாதாவுக்கும் ஓடுகிற பஸ், எழுதுவினைஞருக்கும் கொஞ்சம் ஓடலாம்.

காசுக்கும் வழி இல்லாமல் இல்லை. பாடசாலைப் பிள்ளைகளுக்கு ‘சிசு செரிய’, வருமானம் குறைந்த கிராமத்துத் தடங்களுக்கு ‘கெமி செரிய’, இரவுச் சேவைக்கு ‘நிசி செரிய’ என்று தேசிய போக்குவரத்து ஆணைக்குழு மானியத் திட்டங்கள் வைத்திருக்கிறது. வன்னித் தடங்களின் கடைசி ட்ரிப்பை இவற்றில் ஒன்றுக்குள் கொண்டுவரக் கேட்டு எழுதுங்கள். மாகாண அனுமதியில் ஒரு நிபந்தனையும் சேருங்கள்: காலை ஆறரை, ஏழு மணி ட்ரிப்பில் நிறைய ஆளை அள்ளுகிறவர், கடைசி பஸ்ஸையும் முறைவைத்து ஓட்டவேண்டும். ஹயருக்குப் போவதென்றால் மாற்று பஸ் விட்டுவிட்டுப் போகட்டும். அன்றைக்கு ஓடாத ட்ரிப்புக்குத் தண்டம், ஓடிய வெறும் ட்ரிப்புக்கு டீசல் காசு. இரண்டில் ஒன்றை மட்டும் செய்தால் சரிவராது, அதையும் சொல்லி வைக்கிறேன்.

எல்லா வீதியிலும் ஒரே நாளில் தொடங்கச் சொல்லவில்லை. பரந்தன் - முல்லைத்தீவு வீதியை மட்டும் எடுங்கள். கிளிநொச்சியிலிருந்து இரவு ஏழு மணிக்கு ஒரு பஸ். தனியாரோ இ.போ.ச.வோ எனக்குக் கவலையில்லை. ஆள் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் ஏழுக்கு வெளிக்கிட வேண்டும். அந்த நேரத்தையும், பஸ் வராவிட்டால் அழைக்க ஒரு தொலைபேசி இலக்கத்தையும் பரந்தன் தொடக்கம் முல்லைத்தீவு வரைக்கும் ஒவ்வொரு சந்தியிலும் பெரிய எழுத்தில் பலகை போட்டு எழுதுங்கள். அந்த இலக்கத்தை யாராவது எடுக்கவும் வேண்டும். மழைக்கும், திருவிழாவுக்கும், கல்யாண முகூர்த்தத்துக்கும் விடாமல் ஆறு மாதம் அந்த பஸ் ஓடட்டும். அதற்குப் பிறகு எங்கள் அலுவலக வளவுக்கு வந்து, இன்னும் ஏன் மோட்டார் சைக்கிளில் வருகிறீர்கள் என்று எங்களைக் கேளுங்கள்.

இப்படிக்கு,
தருமபுரத்திலிருந்து ஓர் எழுதுவினைஞர்